ஜெபசிங்கின் மாதங்கள்

மறைப்பை மாட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் ஹென்ரிக்சன். மாட்டிக்கொள்கிறேன், டெக்சாஸ் காணாமல் போகிறது. பருத்திக் காடு, நெடுஞ்சாலை, ஊர்ப் பேர் எழுதின தண்ணீர்த் தொட்டி, அதற்கும் அப்பால் ராணுவ முகாமின் தகரக் கூரைகள், எல்லாம் என் நெற்றியில் உட்கார்ந்திருக்கும் இந்த வெள்ளை பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. எனக்கு மிச்சம் முன்னால் இருக்கிற வட்டக் கருவிகளும் என் இரண்டு முழங்காலும்தான். மேகத்துக்குள் போனால் இப்படித்தான் இருக்குமாம், வெளியே ஒன்றும் தெரியாது, முள்ளையும் கோட்டையும் பார்த்தே ஓட்டியாக வேண்டும், அதைப் பழகத்தான் இந்த மறைப்பு. பழகிவிட்டேனா என்று பார்க்கத்தான் இன்றைக்கு இவர். விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பெரிய உடம்பு, இடது கையில் காகிதக் கோப்பை, சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக் கடித்துத் தோலை அதற்குள் துப்புகிறார், ஒவ்வொரு துப்பலும் ஹெட்போனுக்குள் எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. மூவாயிரத்தைந்நூறு அடி, அப்படியே வைத்திருங்கள் என்கிறார். வைத்திருக்கிறேன். மதிய வெயிலில் பூமி சூடாகிக் காற்று கீழேயிருந்து முட்டுகிறது, இருக்கை தூக்கித் தூக்கிப் போடுகிறது. முள் நகர்ந்தால் இழு, நகர்ந்தால் தள்ளு, வேறு எதையும் நினைக்காதே வினோலியா. நினைக்காதே என்று சொன்னதுதான் தாமதம், வெண்டைக்காய் ஞாபகம் வருகிறது. நேற்று சாயங்காலம் நறுக்கிய வெண்டைக்காய், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், கொரியாவில் பட்டாள முகாமிலிருந்து என் வீட்டுக்காரர் ஜெபசிங்கின் குரல். கண்ணுக்கு ஒன்றும் பரிமாறாமல் உட்கார வைத்தால் மனசு தானே அடுப்பைப் பற்றவைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஏ பிள்ள, ஒண்ணு கேக்கட்டா, என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது உப்பு, தண்ணீர், சார்ஜர். கேளுங்க அத்தான் என்றேன், சிரிப்போடுதான் சொன்னேன், அத்தை மறுபடியும் குழந்தையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் படிப்பு மாசத்துல ஒரு வருசத்துக்கு உள்ளத எனக்கு விட்டு வைக்க முடியுமா, பாதில விட்ட படிப்ப முடிச்சிருவேன், முடிச்சா இதுலேந்து வெளிய வந்துரலாம்லா. அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார், இருமல் வந்து இருமவில்லை, அந்த இடத்தை நிரப்ப இருமினார். நான் ஒரு வெண்டைக்காய் நறுக்கினேன், இன்னொன்று நறுக்கினேன், மூன்றாவது முற்றல், அதைத் தூக்கிப் போட்டேன். பிறகு, முதுகு எப்பிடி இருக்கு அத்தான், அந்த எண்ணெயத் தேச்சீங்களா, என்று கேட்டேன். தேச்சேன் என்றார். நாளைக்கு பரீட்சைலா, நல்லாத் தூங்கு, என்றார். தூங்கவில்லை என்பதை ஹென்ரிக்சனிடம் சொல்லக்கூடாது, தூங்காமல் விமானம் ஓட்டக்கூடாது என்று விதி. திசை நூற்றெண்பதுக்குத் திருப்புங்கள் என்கிறார். திருப்புகிறேன். சாய்வு சரி, உயரம் சரி. விட்டு வைக்க முடியுமா. கொடு என்று சொல்லவில்லை. தா என்று சொல்லவில்லை. தன்னுடையதை எடுத்துக்கொள்ள ஒரு மனுஷன் முடியுமா என்று கேட்கிறான் என்றால், கேட்கப்படுகிற பெண்பிள்ளை எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும்? உயரம், உயரத்தைப் பாருங்கள் என்கிறார் ஹென்ரிக்சன். நூறடி ஏறியிருக்கிறேன். தள்ளுகிறேன்.

யாருக்காவது விளக்கிச் சொன்னால் ஒழுங்காக யோசிப்பேன், நாகர்கோவிலில் அத்தைக்கு விளக்கியது மாதிரி. அத்தை, இந்த நாட்டுல பட்டாளத்துல இருந்தவங்களுக்கு முப்பத்தாறு மாசம் படிப்பு ஃப்ரீ, கவர்மென்டே ஃபீஸ் கட்டிரும். அதுக்கு அவன் படிக்காம நீ எதுக்குட்டி படிக்க? அவர் விரும்பினா பொண்டாட்டி பிள்ளைகளுக்குக் குடுக்கலாம் அத்தை. சும்மாவா குடுக்கான்? இந்த மாமியார்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ, சரியான இடத்தில் விரலை வைக்கிறார்கள். சும்மா கொடுக்க முடியாது. மனைவி பேருக்கு மாற்ற வேண்டுமானால் இன்னும் நாலு வருஷம் பட்டாளத்தில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெபசிங் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை மதியம், மெக்சிகோக்காரர் கடையில் வாங்கின மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, விரலில் குழம்பு மணக்க, போனில் தட்டிவிட்டு, முடிஞ்சு என்றார். என்ன முடிஞ்சு என்று கேட்டேன். நீ பைலட், என்றார். முதல் லைசென்ஸ் மட்டும் நம் கைக்காசில் எடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு உள்ள பாடங்களுக்குத்தான் அந்த மாதங்கள் செல்லும். அந்த முதல் லைசென்ஸுக்கு நான் இந்திய மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கியிருக்கிறேன், அது என்னுடையது, அதை யாரும் தொட முடியாது. மற்றதெல்லாம் அவருடையது. எங்கள் வீட்டில் மாதம் என்றால் ஜெபசிங் ஏதோ ஒரு முகாமில் லாரிக்கு அடியில் பழுதுபார்த்து மல்லாந்து கிடந்த மாதம். அதை எடுத்துக்கொண்டு போய் நான் இங்கே காற்றில் வட்டம் போட்டுத் தீர்க்கிறேன். தமிழ்ச் சபையில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எவராவது வந்து என் கையைப் பிடிப்பார்கள், உங்க வீட்டுக்காரரு பெரிய மனசு சிஸ்டர், பொண்டாட்டிய பிளேன் ஓட்ட வச்சிருக்காரே என்பார்கள். வச்சிருக்காரே. நான் ஓட்டுகிறேன், அவர் வச்சிருக்கிறார். ஆமா என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுத்துக்கொள்வேன், அந்த அப்பளத்தை நொறுக்குகிற நொறுக்கில் எனக்குத்தான் தெரியும் என் சுபாவம்.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று இருக்கிறது. கொடுத்த மாதங்களைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் விதி உண்டு. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம், கணினியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். இது தெரிந்த நாளிலிருந்து காலையில் பல் தேய்க்கும் முன்னால் போனை எடுத்துப் பார்க்கிறேன், மாதங்கள் இருக்கின்றனவா என்று. ஜெபசிங்கை, சோற்றில் கல் கிடந்தால்கூடத் தட்டின் ஓரமாக நகர்த்திவிட்டுப் பேசாமல் சாப்பிடுகிற ஜெபசிங்கை, தினமும் காலையில் திருடனைப் பார்ப்பது மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன். நேற்று அவர் கேட்டபோது முதலில் வந்த எண்ணம் இதுதான், இதோ வந்துவிட்டது, நான் காத்திருந்தது வந்துவிட்டது என்று. இத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பாக்கி இருக்கிற மாதங்கள் சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்ஸுக்குச் சரியாகப் போதும், இழுத்துப் பிடித்தால் போதும். ஒரு வருஷத்தைப் பிய்த்தால் இன்றைய பாடத்தோடு நின்றுவிடுவேன். மேகத்துக்குள் போகத் தெரிந்த மளிகைக் கடைக்காரி. எனக்கு முப்பத்துநாலு வயது. இந்தப் பள்ளியில் என்னோடு படிக்கிறதுகளுக்கு மீசை ஒழுங்காக முளைக்கவில்லை, மேடம் என்று கதவைத் திறந்து விடுகிறதுகள். இப்போது நிறுத்தினால் பிறகு என்பது கிடையாது, அது எனக்குத் தெரியும், ஜெபசிங்குக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார் என்றால் எவ்வளவு முட்டினால் கேட்டிருப்பார். யோசனை இங்கே வந்து நிற்கிறது, இதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. மறுபடி வெண்டைக்காய்.

காதுக்குள் துப்பல். திருவனந்தபுரத்தில் செக்-இன் கவுண்டரில் நின்ற காலத்தில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவை விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன், அன்றைக்கு ஓட்டுநர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவிலிருந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூனால் நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள், வாசனை வாசல்வரை வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சோற்றைப் பார்த்தாள். வானத்தில் பறக்க வேண்டும் என்று நான் சின்ன வயதில் கனவு கண்டதில்லை, பேட்டிகளில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்குச் சத்தியமாகக் கிடையாது. எனக்கு அந்தத் தயிர்சோறுதான். அத்தனை விளக்கும் பொத்தானும் உள்ள இடத்தில் ஒருத்தி தன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அவளை எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லையே என்ற பொறாமை. எழுந்திரு, அவருக்கு இடம் விடு, அண்ணன் வந்திருக்கான், மாப்பிள்ளை வந்திருக்காரு, என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது எப்படி உள்ளே போய்க் குத்தும் என்று ஜெபசிங்குக்குச் சொன்னேன், கல்யாணமான புதிதில். அவர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. விட்டு வைக்க முடியுமா என்றால் கொஞ்சம் எழுந்திரு என்றுதானே அர்த்தம். அவரும் கடைசியில் அதைச் சொல்லிவிட்டாரே.

கண்ணை மூடுங்கள், தலையைக் குனியுங்கள், என் கையில் கொடுங்கள், என்கிறார் ஹென்ரிக்சன். இதற்குத்தான் பயந்தேன். அவர் விமானத்தை எடுத்துக் கண்டபடி ஆட்டுவார், மேலே இழுப்பார், சாய்ப்பார், ஏதோ ஒரு கோணலில் கொண்டு போய் நிறுத்திவிட்டு உங்கள் கையில் என்பார், நான் கண்ணைத் திறந்து கருவிகளைப் பார்த்து நேராக்க வேண்டும். வெளியே பார்க்கவே கூடாது. கண்ணை மூடுகிறேன், தாடை நெஞ்சில் முட்டுகிறது. இருக்கை என்னை அழுத்துகிறது, ஏறுகிறோம். வலப்பக்கம் சாய்கிறோம். இப்போது இடப்பக்கம். வயிறு லேசாகிறது, தலைக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகத் தேங்குவது மாதிரி, இப்போது ஏறுகிறோம், நிச்சயமாக ஏறுகிறோம், மூக்கு வானத்தைப் பார்த்திருக்கிறது, வேகம் குறைந்து விழப்போகிறது, தள்ள வேண்டும், உடனே தள்ள வேண்டும். உங்கள் கையில், என்கிறார். கண் திறப்பதற்குள் கை தள்ளிவிட்டது. திறந்து பார்த்தால் மூக்கு ஏற்கனவே பூமியைப் பார்த்திருக்கிறது, வேகமுள் ஓடுகிறது, காற்றின் சத்தம் ஊளையாக ஏறுகிறது, நான் விழுகிற விமானத்தை இன்னும் விழத் தள்ளியிருக்கிறேன். என் கையில், என்று அவர் பிடுங்கி நேராக்குகிறார், கோப்பையிலிருந்து விதைத் தோல் பறந்து என் கன்னத்தில் ஒட்டுகிறது. அவர் கத்தவில்லை. நீங்கள் இருட்டில் உட்கார்ந்து கதை கட்டினீர்கள், பிறகு அந்தக் கதைக்குத் தகுந்தபடி கையை அசைத்தீர்கள், என்கிறார். கண்ணை மூடியிருக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள், திறவுங்கள், பாருங்கள், பிறகு அசையுங்கள். இன்னொரு தடவை தருகிறேன், அதுதான் கடைசி. அதுதான் கடைசி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இதில் தோற்றால் முன்னேற்றம் போதவில்லை என்று பள்ளி எழுதி அனுப்பும், அரசு கட்டணத்தை நிறுத்தும், எனக்கு வேண்டிய ஒரு வருஷம் நின்றுபோகும், ஜெபசிங் கேட்ட ஒரு வருஷம் தானாக அவருக்கு மிஞ்சும். அதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது என்று தோன்றுகிறது, தோன்றின உடனே பயமாக இருக்கிறது. கன்னத்தில் ஒட்டின தோலைத் துடைக்கக் கை வரவில்லை.

கொஞ்சம் மூச்சு வாங்குங்கள், நேராக ஓட்டுங்கள், என்கிறார். நேராக ஓட்டுகிறேன். இருட்டில் கதை கட்டினீர்கள். சபைப் போதகருக்கு இது கிடைத்தால் ஒரு மாதத்துக்குப் பிரசங்கம் நடத்துவார், நல்லவேளை அவர் இங்கே இல்லை. ஆனால் கட்டித்தானே இருக்கிறேன், நேற்றிலிருந்து கட்டிக்கொண்டேதானே இருக்கிறேன். அவருக்கு வருத்தம், கொடுத்ததை நினைத்து வருந்துகிறார், அத்தை தூண்டிவிட்டிருப்பார்கள், எழுந்திரு என்கிறார். இதில் எதை நான் பார்த்தேன்? பார்த்தது என்ன? பார்த்தது முதுகு. போன தடவை லீவில் வந்தபோது கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் படுத்தார், காலையில் சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகப் புரண்டு, முட்டி போட்டு, பிறகு எழுந்தார், நான் காபியோடு நின்று பார்த்தேன், நான் பார்ப்பது தெரிந்ததும் ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி முட்டியிலேயே நின்றுகொண்டார். பார்த்தது ஒரு அட்டைப்பெட்டி. தண்ணீரைச் சுத்திகரிக்கிற படிப்புக்குத்தான் இந்த நாட்டுக்கே வந்தார், பாதியில் ஊரிலிருந்து பணம் வருவது நின்றது, விசா போகப்போகிறது என்ற நிலையில், வெளிநாட்டுக்காரர்களையும் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. மூன்று வீடு மாறிவிட்டோம், மூன்று தடவையும் அந்தப் பெட்டியை அவரே தூக்கினார், பிரித்ததில்லை, தூக்கிப் போடுவோமா என்று நான் ஒரு தடவை கேட்டேன், கிடக்கட்டும் என்றார். கிடக்கட்டும் என்ற அந்தக் குரலும் நேற்று முடியுமா என்ற குரலும் ஒரே குரல். சே. ஒரே குரல்தான், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடுங்கள். மூடுகிறேன். இழுக்கிறார், சாய்க்கிறார், வயிறு எங்கேயோ போகிறது. ஏறுகிறோம் என்கிறது உடம்பு. சொல்லிக்கொள். இடப்பக்கம் என்கிறது. சொல்லிக்கொள், நான் கேட்கவில்லை. கையை மடியில் வைத்திருக்கிறேன், ஒரு வருஷத்தைக் கொடுத்துவிட்டால் என்ன, என்று அந்த இருட்டில் வருகிறது. கொடுத்துவிட்டால் மளிகைக் கடை. கொடுத்துவிட்டால் தயிர்சோறு இல்லை. கொடுக்காவிட்டால் ஒரு மனுஷன் முட்டி போட்டு எழுந்திருப்பதை இன்னும் எத்தனை வருஷம் காபியோடு நின்று பார்ப்பது. பெரிய மனசு ஒன்றும் கிடையாது எனக்கு, அது அவருடைய இலாகா, எனக்குப் பாரம் தாங்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கையில், என்கிறார். கண்ணைத் திறக்கிறேன். கை அசையவில்லை. பார்க்கிறேன். கருவி வட்டத்தில் வானத்து நீலம் குறைவு, பூமிப் பழுப்பு நிறைய, மூக்கு கீழே. இடப்பக்கச் சாய்வு. வேகம் ஏறுகிறது. எஞ்சினைக் குறைக்கிறேன், இறக்கையை நேராக்குகிறேன், பிறகு மெதுவாக இழுக்கிறேன், மெதுவாக, முரட்டுத்தனமாக இழுத்தால் இறக்கைக்கு ஆகாது. ஊளை அடங்குகிறது. முள் நிற்கிறது. நேராகப் போகிறோம். உடம்பு இன்னும் வலப்பக்கம் விழுகிறோம் என்று முறையிட்டுக்கொண்டே இருக்கிறது, விழட்டும். ஹென்ரிக்சன் ஒரு விதையை வாயில் போடுகிறார். இப்படித்தான், என்கிறார். கொடுத்துவிடுவேன். இறங்கினதும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்று நினைத்த மாத்திரத்தில் தூக்கம் வருகிறது, ராத்திரி முழுக்க வராத தூக்கம்.

மறைப்பைக் கழற்றச் சொல்கிறார். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, பருத்திக் காடு போட்டது போட்டபடி இருக்கிறது. திரும்பி வந்து இறங்குகிறேன், சக்கரம் தொட்டது எனக்கே தெரியவில்லை, இந்த வருஷத்தில் இதுதான் என் நல்ல இறக்கம், பார்க்க வீட்டு ஆள் இல்லை. இறக்கையைக் கயிற்றால் தரையில் கட்டும்போது ஹென்ரிக்சன் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து தேறிவிட்டீர்கள் என்கிறார். முதல் தடவையை நான் மறந்துவிடுகிறேன், நீங்கள் மறக்காதீர்கள். பிறகு போகிற போக்கில், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அவருடைய சேவைக்கு நன்றி என்று. இந்த ஊரில் எல்லாரும் பட்டாளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வார்கள், பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட. சொல்கிறேன் என்று சொல்கிறேன். அவர் போனதும் இறக்கையின் நிழலில் நின்று போனை எடுக்கிறேன், அங்கே விடிந்துகொண்டிருக்கும், காலைப் பயிற்சியில் ஓடுவதற்கு வரிசையில் நிற்கப் புறப்பட்டிருப்பார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"என்னாச்சு பிள்ள?"

"பாஸ் அத்தான்."

"ஸ்தோத்திரம்," என்கிறார். சிரிக்கிறார், சிரிப்பு கேட்கிறது. "எனக்குத் தெரியும்லா."

"அத்தான், நேத்து நீங்க கேட்டீங்கல்லா. எடுத்துக்கிடுங்க. ஒரு வருசம். அதுக்கு மேலயும் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. நான் நேத்து ஒழுங்காப் பதில் சொல்லல."

பின்னால் யாரோ விசில் ஊதுகிறார்கள், பூட்ஸ் சத்தம். அவர் கொஞ்சம் தள்ளி நடந்து போவது மூச்சில் தெரிகிறது.

"அது வேண்டாம் பிள்ள."

"ஏன் வேண்டாம்? கோவமா?"

"கோவம் என்ன கோவம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் மூணு வருசத்துக்கு."

"எப்ப?"

"உங்கிட்டப் பேசி வச்ச பொறவுதான். எழுதிக் குடுத்த நாலு வருசம் முடியுதுல்லா, வெளிய போறியா இருக்கியான்னு சொல்லுததுக்கு அதான் கடைசி நாளு."

"கடைசி நாளுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பாவம் பாத்து சரின்னுருவ. அப்பிடி எனக்கு வேண்டாம். உன் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும்னு நெனச்சேன்." மறுபடி விசில். "நீ முதுகப் பத்திக் கேட்டல்லா. சரின்னு விட்டுட்டேன்."

நீங்க தப்பா நெனச்சுட்டீங்க என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். அவர் தப்பாக நினைக்கவில்லை. நேற்று அதுதான் என் பதில், அவர் அதைச் சரியாகக் கேட்டிருக்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே. இன்றைக்கு வேறு பதில் இருக்கிறது, அது யாருக்கும் இப்போது தேவைப்படவில்லை.

"அந்த முதுக வச்சுக்கிட்டு மூணு வருசம் என்ன செய்வீங்க?"

"உக்காந்த வேல தாரோம்னு சொல்லுதாவ. பாப்போம். நீ முழுசா முடி, என்ன. பாதில நிப்பாட்டுனவன் வீட்டுக்கு ஒருத்தன் போதும்." விளையாட்டாகத்தான் சொல்கிறார், சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். "சாப்புட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்புடு. வரிசைக்கு ஆள் வந்துட்டாங்க. வைக்கட்டா?"

வைத்துவிட்டார். தார்த் தரையின் சூடு செருப்புக்குள் ஏறுகிறது, தூரத்தில் ஒரு பையன் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறான், கிளப்பி அணைக்கிறான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுகை வரட்டும் என்று நிற்கிறேன். வர வேண்டும், வந்தால்தான் நான் மனுஷி. முதலில் வந்தது அது இல்லை. மாதங்கள் எல்லாம் எனக்குத்தான், ஒன்றும் குறையவில்லை, இனி யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று கழுத்திலிருந்து கால்வரை ஒரு நிம்மதி இறங்கியது, நன்றாக, குளிர்ச்சியாக இறங்கியது, தடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, அந்த நிம்மதிக்காகத்தான் வந்தது.